தூசி இழுத்த கோடு

ஆவணங்களைப் படமாக்கும் இயந்திரங்கள் புழக்கத்துக்கு வந்த காலத்திலிருந்து அவற்றோடு கூடவே வந்த குறைகளுள் ஒன்று, தாளின் தலைப்பிலிருந்து அடிவரை நெளியாமல் இறங்கும் மெல்லிய கோடாகும். மூலத் தாளில் இல்லாத அக்கோடு, தாள்களை ஒவ்வொன்றாக இழுத்து ஓடவிட்டுப் படமெடுக்கும் ஸ்கேனரின் கண்ணாடியில் ஒட்டிக்கொண்ட ஒரு தூசியால் உண்டாவது. தாளைக் கண்ணாடிமேல் அசையாமல் கிடத்தி, அதன் அடியில் விளக்கும் ஒளியுணரியும் நகர்ந்து செல்லும் சமதள ஸ்கேனரில் அதே தூசி விழுந்தால், படத்தில் ஒரு சிறு புள்ளி மட்டுமே தோன்றும்; படிப்பவர் கண்ணுக்கு அது படாமலே போகலாம். தாள் ஓடும் வகையிலோ உணரி ஓரிடத்தில் நிலையாக நிற்க, விரற்கடை அகலமுள்ள கண்ணாடிப் பட்டையின்மேல் தாள் வழுக்கிச் செல்வதால், பட்டையில் இருக்கும் தூசி ஒவ்வொரு வரியிலும் அதே இடத்தில் குறுக்கிடுகிறது. ஏ4 அளவுத் தாள் ஒன்றை அங்குலத்துக்கு 300 புள்ளி என்ற நுணுக்கத்தில் படமெடுத்தால் அது 3508 வரிகளாகப் பிரிக்கப்படும்; அப்போது ஒரே தூசி 3508 முறை படமெடுக்கப்பட்டு, ஒன்றன்கீழ் ஒன்றாக ஒட்டி, 297 மில்லிமீட்டர் நீளமுள்ள கோடாகிவிடுகிறது. கண்ணாடியை யாரேனும் துடைக்கும்வரை அடுத்த தாளிலும் அதற்கடுத்த தாளிலும் அது அதே இடத்தில் வந்துகொண்டே இருக்கும்.

ஆகவே, இக்கோட்டின் வரலாறு என்பது பார்க்கும் கண்ணை நிறுத்திவைத்துத் தாளை நடக்கவிடுவது என்ற ஒரு பொறியியல் முடிவின் வரலாறே. வேகத்துக்காக எடுக்கப்பட்ட அந்த முடிவைக் கைவிட எவரும் விரும்பாததால், கோட்டை நீக்கும் முயற்சிகள் இரு திசைகளில் பிரிந்து வளர்ந்தன. தூசி மறைத்த இடத்தை இயந்திரம் வேறொரு கோணத்திலோ வேறொரு நேரத்திலோ மறுபடி பார்க்கும்படி செய்வது ஒரு திசை. மறைந்த இடத்தில் என்ன இருந்திருக்கும் என்பதைச் சுற்றுப்புறத்திலிருந்து கணித்து நிரப்புவது மற்றொரு திசை. வெளித்தோற்றத்தில் இரண்டும் ஒரே சுத்தமான பக்கத்தைத் தருகின்றன. ஆயினும் முன்னது தாளில் இருந்ததைக் காட்டுகிறது, பின்னது தாளில் இருந்திருக்கக்கூடியதைக் காட்டுகிறது. படமாக்கப்படுவது ஓர் ஆவணம் என்கிறபோது இந்த வேறுபாட்டைவிட முக்கியமானது வேறில்லை.

தாளை ஓடவிட்டுப் படமெடுக்கும் வழக்கம் கணினிக்கு முற்பட்டது. நியூயார்க் வங்கியாளரான ஜார்ஜ் மெக்கார்த்தி, வங்கிக்கு வரும் காசோலைகளைப் படமாக எடுத்து வைத்துக்கொள்ளும் கருவியொன்றை 1920களில் உருவாக்கினார். அதைப் பெற்றுக்கொண்ட ஈஸ்ட்மன் கோடக் நிறுவனம் 1928இல் ரெக்கார்டாக் என்ற பெயரில் அதைச் சந்தைக்குக் கொண்டுவந்தது. சுழல் நுண்படக் கருவி எனப்படும் இவ்வகையில், காசோலை ஒரு பட்டையின்மேல் ஏறி ஒரு மெல்லிய பிளவைக் கடந்து ஓட, உள்ளே 16 மில்லிமீட்டர் ஃபிலிம் சுருள் அதற்கு ஒத்திசைந்த வேகத்தில் நகரும். ஒவ்வொரு காசோலையையும் நிறுத்திக் குவியம் பார்த்துப் படமெடுக்க வேண்டிய தேவை ஒழிந்ததால், காசோலைகளை ஊட்டும் கையின் வேகமே படமெடுக்கும் வேகமாயிற்று. பிளவின் விளிம்பிலோ காசோலையை வழிநடத்தும் கண்ணாடியிலோ ஒரு தூசி ஒட்டினால், அந்த இடத்திலிருந்து ஒளி ஃபிலிமுக்குப் போகாது. ஃபிலிமின் நீளவாக்கில் ஓர் ஒளிபுகும் கீற்று உண்டாகி, அதிலிருந்து எடுக்கும் தாள் பிரதியில் கருங்கோடாகத் தோன்றும். ஃபிலிம் கழுவப்பட்ட பிறகே அது தெரியவரும் என்பதால், அதற்குள் நூற்றுக்கணக்கான காசோலைகள் அந்தக் கோட்டோடு பதிவாகியிருக்கக்கூடும். அக்காலத்தில் படத்திலிருந்து கோட்டை நீக்கும் வழி எதுவும் இல்லை. கண்ணாடியைத் துடைப்பது ஒன்றே வழியாக இருந்தது.

இதற்கு இணையாக வளர்ந்த இன்னொரு மரபில் இக்குறை தோன்றவேயில்லை என்பது கருதத்தக்கது. 1840களில் ஃபிரடெரிக் பேக்வெல் உருவாக்கிய உருளைத் தொலைநகல் கருவியிலும், 1957இல் அமெரிக்கத் தேசியத் தர நிர்ணய அலுவலகத்தில் ரஸ்ஸல் கிர்ஷ் குழுவினர் சியாக் கணினியோடு இணைத்த ஸ்கேனரிலும், படம் ஓர் உருளையில் சுற்றப்பட்டு, ஒரே ஒரு முனை அல்லது ஒரே ஓர் ஒளியுணரி அதன் பரப்பு முழுவதையும் புள்ளி புள்ளியாகத் தொட்டுச் சென்றது. கிர்ஷ் தம் கைக்குழந்தையின் ஒளிப்படத்தை அவ்வாறு படமெடுத்தபோது கிடைத்தது பக்கத்துக்கு 176 புள்ளிகள் கொண்ட ஒரு சதுரம். பக்கம் முழுவதையும் பார்ப்பது ஒரே கண் என்பதால், அக்கண்ணின்மேல் தூசி படிந்தால் படம் முழுவதும் ஒரே சீராக மங்குமேயன்றி ஓரிடத்தில் மட்டும் கோடு விழாது. பல கண்கள் வரிசையாக நின்று, ஒவ்வொன்றும் பக்கத்தின் ஒரு செங்குத்து நிரலுக்கு மட்டும் பொறுப்பேற்கும்போதுதான், ஒரு கண்ணின் குருடு ஒரு நிரலின் குருடாகிறது.

அப்படிப்பட்ட கண் வரிசையைத் தந்தது சி.சி.டி. எனப்படும் மின்னூட்டப் பிணைப்புச் சாதனம். 1969இல் பெல் ஆய்வகத்தில் வில்லார்டு பாயிலும் ஜார்ஜ் ஸ்மித்தும் கண்டறிந்து, பின்னர் 2009இல் நோபல் பரிசின் ஒரு பாதியை அவர்களுக்குப் பெற்றுத்தந்த அச்சாதனம், தன்மேல் விழும் ஒளியை மின்னூட்டமாகச் சேர்த்து, அதைக் கட்டம் கட்டமாகக் கைமாற்றி வெளியே அனுப்புவது. 1970களின் நடுவில் 500 உணரிகள் ஒரே வரிசையில் அமைந்த சில்லுகள் விற்பனைக்கு வந்தன. 1976இல் ரே கர்ஸ்வீல், பார்வையற்றோருக்கு நூல்களை வாசித்துக்காட்டும் இயந்திரத்தில் சி.சி.டி. கொண்ட சமதள ஸ்கேனரைப் பயன்படுத்தினார். 1980இல் பன்னாட்டுத் தந்தி தொலைபேசி ஆலோசனைக் குழு வகுத்த மூன்றாம் தொகுதித் தொலைநகல் தரம், 215 மில்லிமீட்டர் அகலத்துக்கு 1728 புள்ளிகள் என்று வரையறுத்தது. அதாவது மில்லிமீட்டருக்கு எட்டு. ஒவ்வொரு புள்ளிக்கும் ஒரு கண். தலைமுடியின் பருமன்கூட இல்லாத ஒரு காகித நார், அந்த எட்டில் ஒன்றின் பார்வையைக் கெடுப்பதற்குப் போதுமானது. காகிதமே நார்களாலும் நிரப்புப் பொடிகளாலும் ஆனது. உருளைகளுக்கிடையே ஓடும் ஒவ்வொரு தாளும் அவற்றைச் சிறிது உதிர்க்கிறது, உராய்வால் எழும் நிலைமின்சாரம் அவற்றைக் கண்ணாடியோடு ஒட்டவைக்கிறது. எனவே மூடிய அறையில் வைத்தாலும் தூசி வெளியிலிருந்து வரவேண்டியதில்லை. அதற்குமேல் ஈரம் காயாத திருத்த வெண்மை, பசை, பந்துமுனைப் பேனாவின் மை ஆகியவை கண்ணாடியில் ஒட்டினால், வெறும் துணியால் துடைத்தும் போவதில்லை.

இவ்விடத்தில் விளக்க வேண்டிய ஒரு நுட்பம் உண்டு. வரிசையில் உள்ள ஆயிரக்கணக்கான உணரிகள் ஒரே ஒளிக்கு ஒரே அளவில் எதிர்வினை காட்டுவதில்லை. விளக்கின் ஒளியும் நடுவில் மிகுந்தும் ஓரங்களில் குறைந்தும் இருக்கும். இதைச் சமன்செய்ய, ஸ்கேனர் வேலை தொடங்குமுன் தன்னுள் இருக்கும் ஒரு வெள்ளைப் பட்டையைப் பார்த்து, எந்த உணரி எவ்வளவு குறைவாகக் காண்கிறதோ அதன் மதிப்பை அவ்வளவுக்குப் பெருக்கிக்கொள்கிறது. நிழல் திருத்தம் எனப்படும் இந்த ஏற்பாடே கோட்டின் இரண்டாம் வடிவத்தையும் பிறப்பித்தது. வெள்ளைப் பட்டையைப் பார்த்த பிறகு தூசி வந்து ஒட்டினால் கருங்கோடு விழுகிறது. பட்டையைப் பார்க்கும் வேளையில் தூசி இருந்து, தாள் ஓடத் தொடங்கியதும் அது அகன்றுவிட்டாலோ, இருட்டு என்று தவறாகக் கணக்கிட்ட நிரலை இயந்திரம் அளவுக்கு மீறிப் பெருக்கி, எழுத்துகளையும் கோட்டுருவங்களையும் வெளுக்கச்செய்யும் ஒரு வெண்கோட்டை இழுக்கிறது. கருங்கோட்டைவிட வெண்கோடு ஆபத்தானது என்றே கருத வேண்டும். வெள்ளைத் தாளில் அது கண்ணில் படாது, எழுத்தின்மேல் வரும்போது மட்டும் ஒரு கீற்றை அரித்துவிட்டுப் போகும்.

தொலைநகல் பரவிய காலத்தில் இக்குறைக்கு ஒரு வினோதமான சமூக இயல்பும் சேர்ந்தது. கோட்டைக் காண்பவர் வேறோர் ஊரில் தாளைப் பெறுபவர். கண்ணாடியைத் துடைக்கக்கூடியவரோ அனுப்புபவர், அவர் கையில் இருக்கும் மூலத்தில் கோடே இல்லை. பெறுபவர் தம் இயந்திரம் கெட்டுவிட்டது என்று எண்ணிப் பழுதுபார்ப்பவரை அழைப்பதும், அனுப்புபவர் எவரும் சொல்லாத காரணத்தால் நெடுநாள் கோடு போட்ட கடிதங்களையே அனுப்பிவருவதும் இயல்பாயின. கோடு செலவையும் கூட்டியது. மூன்றாம் தொகுதி முறையில், ஒரு வரியில் எத்தனை வெள்ளைப் புள்ளிகள் தொடர்ந்து வருகின்றன, பின் எத்தனை கருப்பு என்ற ஓட்ட நீளங்களே குறியீடாக அனுப்பப்படுகின்றன. எழுத்தே இல்லாத வரி, 1728 வெள்ளை என்ற ஒரே ஓட்டமாக முடிந்துவிடும். அதன் நடுவே ஒரு கரும்புள்ளி விழுந்தால் வெள்ளை, கருப்பு, வெள்ளை என மூன்று ஓட்டங்களாகி, குறியீட்டின் நீளம் ஏறக்குறைய இரட்டிக்கும். மேல்வரியோடு ஒப்பிட்டு மாற்றத்தை மட்டும் அனுப்பும் இருபரிமாண முறையில் இந்தச் சுமை மிகவும் குறைந்தது, ஏனெனில் நேராக இறங்கும் கோட்டில் மாற்றம் என்று சொல்ல ஒன்றுமில்லை.

கோட்டைக் கணக்கால் நீக்கும் கலை அலுவலகத்திலிருந்து வரவில்லை, விண்வெளியிலிருந்து வந்தது. 1972 ஜூலையில் ஏவப்பட்ட லேண்ட்சாட் 1 செயற்கைக்கோளின் பலநிற ஸ்கேனர், ஒவ்வொரு நிறப்பட்டைக்கும் ஆறு உணரிகளைக் கொண்டு ஒரே வீச்சில் ஆறு வரிகளைப் பார்த்தது. ஆறும் சற்றே வேறுபட்ட உணர்திறன் கொண்டவையாதலால், பூமியின் படத்தில் ஆறு வரிக்கு ஒருமுறை திரும்பும் பட்டைகள் தோன்றின. பெர்தோல்ட் ஹார்ன், ராபர்ட் வுட்ஹாம் ஆகியோர் 1979இல் வெளியிட்ட முறை, ஆறு உணரிகளும் பரந்த நிலப்பரப்பில் காணும் ஒளியின் பரவல் ஏறத்தாழ ஒன்றாகவே இருக்க வேண்டும் என்று கொண்டு, ஒவ்வோர் உணரியின் பரவலையும் பொதுப் பரவலுக்கு ஒத்துவரும்படி திருத்தியது. 1988 மார்ச் 17 அன்று ஏவப்பட்ட இந்தியாவின் ஐ.ஆர்.எஸ். 1ஏ, தாள் ஸ்கேனரின் அமைப்புக்கு இன்னும் நெருங்கியது: 2048 உணரிகள் கொண்ட சி.சி.டி. வரிசை அசையாமல் கீழ்நோக்கி நிற்க, செயற்கைக்கோளின் ஓட்டமே நிலத்தை வரி வரியாக அதன் முன்னே கொண்டுவந்தது. அத்தகைய வரிசையில் உணரிகளின் வேறுபாடு, பயணத் திசையில் நீளும் கோடுகளாக வெளிப்படும். ஒவ்வொரு நிரலின் சராசரியையும் விலக்கத்தையும் ஒட்டுமொத்த மதிப்போடு சமன்செய்து அவற்றை நீக்கினர்.

இம்முறைகள் ஆவணங்களுக்கு இறங்கிவந்தபோது ஓர் எல்லையைச் சந்தித்தன. செயற்கைக்கோளின் மந்தமான உணரி குறைவாகக் காண்கிறதேயொழியக் காணாமல் இல்லை. அது கண்டதைப் பெருக்கினால் உண்மை மீளும். கண்ணாடியில் மெல்லிய பொடிப்படலம் மட்டும் படிந்திருக்கும்போது ஆவணத்திலும் அவ்வாறே மீட்கலாம், ஏனெனில் படலத்தின் ஊடே எழுத்தின் சாயல் வந்துகொண்டுதான் இருக்கிறது. ஒளியை முற்றிலும் தடுக்கும் தூசியின் பின்னால் இருந்ததோ பதிவாகவேயில்லை. எந்தப் பெருக்கலும் சுழியத்தை எண்ணாக்காது. கோடு எவ்வகையைச் சேர்ந்தது என்று பிரித்தறியாமல் நீக்கப் புகும் மென்பொருள், மீட்க வேண்டிய இடத்தில் புனைவதும், புனைவதைத் தவிர வழியில்லாத இடத்தில் மீட்டதாகக் காட்டிக்கொள்வதும் ஆகிய இரு தவறுகளையும் செய்யும்.

நீக்குவதற்கு முன் கண்டுபிடிக்க வேண்டும். இவ்வரலாற்றில் அறிவுத்திறம் மிகுதியாக வெளிப்பட்ட பகுதி அதுவே. ஒவ்வொரு நிரலிலும் உள்ள கருமையைக் கூட்டிப் பார்ப்பது எளிய வழி: எழுத்துகள் நிறைந்த நிரலில் கருப்பும் வெள்ளையும் மாறி மாறி வருவதால் கூட்டுத்தொகை நடுத்தரமாக இருக்க, கோடு விழுந்த நிரலில் அது உச்சத்துக்கு ஏறும். ஆனால் கணக்குப் பேரேட்டிலும் படிவத்திலும் அச்சிட்ட செங்குத்துக் கோடுகள் இருக்கின்றன. அவையும் அப்படியே உச்சம் காட்டும். இரண்டையும் பிரிக்க மூன்று அடையாளங்கள் கைகொடுத்தன. ஸ்கேனர் தாளின் விளிம்புக்கு முன்னும் பின்னும் சிறிது கூடுதலாகப் படமெடுப்பது வழக்கம். அச்சுக்கோடு தாளுக்குள் முடிந்துவிட, தூசிக்கோடு தாள் வருவதற்கு முன்பே பின்னணி உருளையின்மேல் தொடங்கி, தாள் போன பிறகும் நீளும். அடுத்தது, தாள் சற்றுச் சாய்ந்து உள்ளே போனால் அச்சுக்கோடும் எழுத்தோடு சேர்ந்து சாயும், தூசிக்கோடோ உணரிக்கு நேராகவே நிற்கும். ஆகையால் சாய்வைத் திருத்துவதற்கு முன்பே கோட்டைத் தேட வேண்டும். சாய்வு திருத்தப்பட்ட பிறகு தூசிக்கோடு சாய்ந்துவிட, அச்சுக்கோடு நேராகி, அடையாளங்கள் தலைகீழாகிவிடும். பழைய தொகுப்புகளை இன்று சுத்தம் செய்வோர் பலருக்கும் இடர் இங்கேதான், ஏனெனில் அவர்களிடம் வருவது பெரும்பாலும் சாய்வு திருத்தி, விளிம்பு வெட்டப்பட்ட படம். இறுதியாக, வெவ்வேறு செய்தி கொண்ட பத்துத் தாள்களில் ஒரே நிரலில் ஒரே அகலத்தில் கோடு இருந்தால் அது எந்தத் தாளுக்கும் சொந்தமல்ல என்பது வெளிப்படை. ஒவ்வொரு பக்கத்தையும் தனித்தனிப் படமாகக் கருதிய தொடக்ககால மென்பொருள்கள் இந்த எளிய சான்றைப் பயன்படுத்தத் தவறின என்பது வருந்தத்தக்கது.

கண்டுபிடித்த கோட்டை அழிக்கும் கருவிகள் வெவ்வேறு துறைகளிலிருந்து வந்து சேர்ந்தன. ஓர் அண்டை வரிசையிலுள்ள மதிப்புகளை ஏறுமுகமாக அடுக்கி நடுவில் இருப்பதை எடுத்துக்கொள்ளும் இடைநிலை வடிகட்டி, 1970களில் புள்ளியியலறிஞர் ஜான் டூக்கியின் எழுத்துகள் வழியாகப் பரவியது. ஒன்றிரண்டு புள்ளி அகலமுள்ள கோட்டை அது எளிதில் விழுங்கிவிடும். 1964இல் பிரான்சில் ஜார்ஜ் மாத்தரோன், ஷான் செரா ஆகியோர் லொரேன் பகுதி இரும்புத் தாதுவின் உள்ளமைப்பை அளப்பதற்காகத் தொடங்கிய கணித உருவியல், குறிப்பிட்ட அகலத்துக்குக் குறைவான கருமையை மூடி, அதற்கு மேற்பட்டதை விட்டுவைக்கும் செயல்களைத் தந்தது. 2000இல் மார்செலோ பெர்தல்மியோ, கிலெர்மோ சாபிரோ முதலியோர் வெளியிட்ட ஆய்வு, சிதைந்த ஓவியத்தில் வண்ணம் நிரப்பும் அருங்காட்சியக வல்லுநர்களின் முறையைப் பின்பற்றி, சுற்றிலும் உள்ள கோடுகளின் திசையைக் குறைபட்ட பகுதிக்குள் நீட்டிக்கொண்டுபோய் நிரப்பியது. வெள்ளைத் தாளின்மேல் இம்மூன்றும் குறையின்றி வேலை செய்கின்றன. எழுத்தின்மேல்தான் சோதனை. கருப்பு வெள்ளைப் படத்தில் கோடு தான் தொடும் எழுத்துகளையெல்லாம் ஒரே உருவாகப் பிணைத்துவிடுவதால், எழுத்தை அறியும் மென்பொருள் அவற்றைப் பிரிக்க முடியாமல் திணறும். கோட்டை வெட்டினாலோ எழுத்தின் செங்குத்துக் கால்களும் கூடவே போகும். ஆங்கில எழுத்துகளை மனத்தில் கொண்டு அகலமும் அளவும் வகுத்த கருவிகளைத் தமிழ்ப் பக்கத்தின்மேல் ஏவும்போது இழப்பு இன்னும் கூர்மையானது, ஏனெனில் சிறிய அச்சில் மெய்யெழுத்தின் புள்ளி சில படப்புள்ளிகளே கொண்டது. கோடு அதன்மேல் போய், கோட்டோடு அதுவும் துடைக்கப்பட்டால், 'க்' என்பது 'க' ஆகிவிடும், பக்கமோ எந்தக் காயமும் இல்லாததுபோல் தோன்றும்.

ஊகத்தை நாடாமல் கோட்டை வென்ற வழிகளே இத்துறையின் பெருமைக்கு உரியவை. நிற ஸ்கேனரின் சி.சி.டி. சில்லில் சிவப்பு, பச்சை, நீலம் ஆகியவற்றுக்கென மூன்று உணரி வரிசைகள், ஒன்றுக்கொன்று சில வரி இடைவெளியில் அமைந்திருக்கின்றன. ஒவ்வொன்றும் கண்ணாடியின் சற்றே வேறான இடத்தின் வழியாகத் தாளைப் பார்க்கிறது. சிறு தூசி அவற்றுள் ஒன்றை மட்டுமே மறைக்கும் என்பதால் கோடு நிறம் பெறுகிறது: சிவப்பு வரிசை மறைந்தால் பசுநீலம், பச்சை மறைந்தால் செங்கருநீலம், நீலம் மறைந்தால் மஞ்சள். அலுவலகங்களில் காரணம் புரியாமல் பார்க்கப்பட்ட இந்த நிறக்கோடுகள், உண்மையில் மற்ற இரு வரிசைகளும் அந்த இடத்தைத் தெளிவாகக் கண்டிருக்கின்றன என்பதற்குச் சான்று. இதை உணர்ந்த வடிவமைப்பாளர்கள் மூன்றோடு நிறமற்ற நான்காம் வரிசையையும் சேர்த்து, ஒரு வரிசை கண்டு மற்றவை காணாத கருமையைத் தூசி என்று முடிவுசெய்து, மறைந்ததை மற்ற வரிசைகளின் பதிவிலிருந்து எடுத்துக்கொள்ளும் முறையை உருவாக்கினர். தாள் வருவதற்கு முன் பின்னணி உருளையைப் பார்த்துத் தூசி இருக்கும் இடத்தைக் குறித்துக்கொள்வதும், இருந்தால் உணரியைச் சற்றே நகர்த்திக் கண்ணாடியின் சுத்தமான பகுதி வழியாகப் படிப்பதும் இதே அறிவின் பிற வடிவங்கள். தாளின் அகலம் முழுவதும் நீளும் தொடு உணரிகளில் ஒரே வரிசை மூன்று நிற விளக்குகளை மாறி மாறி ஏற்றிப் பார்ப்பதால் இந்த உதவி கிடைப்பதில்லை. அவற்றில் கோடு சாம்பல் நிறமாகவோ கருப்பாகவோ மட்டுமே வரும். ஃபிலிமைப் படமெடுக்கும் கருவிகளில், அகச்சிவப்புக் கதிருக்கு நிறச்சாயங்கள் ஒளிபுகவிட, தூசி மட்டும் நிழலாக நிற்கும் இயல்பைப் பயன்படுத்திய டிஜிட்டல் ஐஸ் முறை, டெக்சாஸ் மாநில ஆஸ்டினில் ஆல் எட்கர் தலைமையில் உருவாகி 1990களின் இறுதியில் பரவியது. வெள்ளித் துகள்களாலான கருப்பு வெள்ளை ஃபிலிமுக்கு அது பயன்படவில்லை, ஏனெனில் அங்கே படமும் தூசியைப் போலவே அகச்சிவப்பைத் தடுக்கிறது.

இக்குறைக்குச் சட்டப்பெறுமதி வந்தது, அது தொடங்கிய இடமான வங்கியிலேயே. 2001 செப்டம்பர் தாக்குதலை அடுத்து அமெரிக்காவில் விமானங்கள் நிறுத்தப்பட்டபோது, அவற்றில் ஊர்விட்டு ஊர் சென்றுகொண்டிருந்த காசோலைகள் தேங்கின. அந்நெருக்கடியின் பின்னணியில் 2003 அக்டோபரில் இயற்றப்பட்டு ஓராண்டில் நடைமுறைக்கு வந்த சட்டம், மூலக் காசோலையின் இடத்தில் அதன் படத்திலிருந்து அச்சிட்ட மாற்றுக் காசோலையைச் செல்லத்தக்கதாக்கியது. காசோலை தன் நீளவாக்கில் ஓடுவதால் அதில் தூசிக்கோடு கிடைக்கோடாக விழும். நிதித்துறைத் தொழில்நுட்பக் கூட்டமைப்பு வகுத்த படத் தரக் குறைபாடுகளின் பட்டியலில் கிடைக்கோடுகளும் இடம்பெற்றன. இந்தியாவில் காசோலைத் துண்டிப்பு முறை 2008 பிப்ரவரி 1 அன்று புதுதில்லியிலும், 2011 செப்டம்பர் 24 அன்று சென்னையிலும், பின்னர் 2013இல் மும்பையிலும் தொடங்கியது. இதன்படி தாள் காசோலை அதைப் பெற்ற வங்கியிலேயே தங்கிவிட, முன்புறத்தின் சாம்பல்நிறப் படம் ஒன்றும், முன்புறம் பின்புறம் இரண்டின் கருப்பு வெள்ளைப் படங்களும் பணம் தரவேண்டிய வங்கிக்குச் செல்கின்றன. சாம்பல்நிறப் படத்தில் இலேசான நிழலாக இருக்கும் ஒரு கோடு, இது கருப்பு அது வெள்ளை என்று வெட்டிப் பிரிக்கும் படத்தில் ஒன்று முற்றிலும் மறைந்துவிடும் அல்லது முழுக் கருமையாகிவிடும். தொகையின்மேலோ கையொப்பத்தின்மேலோ அது ஓடினால், சரிபார்ப்பவர் ஒரு படத்தோடு மற்றொன்றை ஒப்பிட்டே முடிவெடுக்க முடியும். மென்பொருளால் கோட்டை நீக்குவதைவிட, படத்தைத் தள்ளிவிட்டுக் காசோலையை மீண்டும் ஓடவிடுவதே இங்கே முறை. தாள் கையருகே இருப்பதால் அது இயலுகிறது.

படத்தை அழகாக்கும் வேலையை இயந்திரத்துக்கு விட்டுவிடுவதன் விளைவு 2013 ஆகஸ்டில் உலகறிய வெளிப்பட்டது. ஜெர்மானியக் கணினி அறிஞர் டேவிட் கிரீசல், ஜெராக்ஸ் நிறுவனத்தின் சில நகலெடுக்கும் இயந்திரங்கள் கட்டட வரைபடத்திலிருந்த அறைகளின் பரப்பளவு எண்களை மாற்றிவிடுவதைக் கண்டறிந்தார். ஒத்த உருக்களை ஒரே உருவால் பதிலிடும் ஜேபிக் 2 சுருக்கமுறை, ஓர் எண்ணை மற்றோர் எண்ணாக எடுத்துக்கொண்டதே காரணம். நிறுவனம் திருத்தங்களை வெளியிட்டது. அது தூசிக்கோடு சார்ந்த நிகழ்வன்று. எனினும், கறையற்ற, கூர்மையான, நம்பத்தக்கதாகத் தோன்றும் பக்கம் பொய் சொல்லக்கூடும் என்பதை ஐயத்துக்கு இடமின்றிக் காட்டியது. தூசிக்கோடு குறைந்தபட்சம் தன்னை மறைத்துக்கொள்வதில்லை. இன்று ஏராளமான பக்கங்களைக் கற்று, மறைந்த எழுத்தைத் தானே வரையும் நரம்பு வலைப்பின்னல் முறைகள் கோட்டை நீக்கும் பணியிலும் நுழைந்துள்ள நிலையில், நிரப்பப்பட்ட நிரல் எது என்ற குறிப்பைப் படத்தோடு சேர்த்துவைப்பது கட்டாயமாக்கப்பட வேண்டும். மூலப் பதிவைக் கோட்டோடு அப்படியே பாதுகாத்து, சுத்தம் செய்ததைப் பயன்பாட்டுப் பிரதியாக மட்டும் வைக்கும் ஆவணக்காப்பக மரபு இதற்கு ஏற்கெனவே வழிகாட்டியிருக்கிறது.

தாள் இல்லாமற்போன இடங்களில் சிக்கல் வேறாகிறது. இருபதாம் நூற்றாண்டில் நாளிதழ்களை நுண்படமாக்கிய நூலகங்கள் பல, இடத்தை மிச்சப்படுத்தத் தாள் பிரதிகளை அகற்றின. 2001இல் நிக்கல்சன் பேக்கர் இதைக் கடுமையாகக் கண்டித்து ஒரு நூலே எழுதினார். அச்சுருள்களை இப்போது ஸ்கேன் செய்யும்போது மூன்று வகைக் கோடுகள் ஒரே தோற்றத்தில் வருகின்றன. ஃபிலிமின் முதுகுப்புறத்தில் படிப்புக் கருவியின் உருளைகள் கீறிய கோடு முதல்வகை. அதன் அடியில் படம் சேதமின்றி இருப்பதால், பரவலான ஒளியால் பார்த்தோ, ஃபிலிமின் ஒளிவிலகலுக்கு ஒத்த திரவத்தால் கீறலை நிரப்பியோ, எந்த ஊகமும் இன்றி அதை மறையச்செய்யலாம். இரண்டாவது, படம் பதிந்த படலப்புறத்தில் விழுந்த கீறல். அது படத்தையே சுரண்டி எடுத்துவிட்டது. அதே ஃபிலிமின் வேறு பிரதியோ முதன்மை எதிர்ப்படிவமோ எங்கேனும் இருந்தால் அதிலிருந்து மீட்கலாம். மூன்றாவது, படமெடுத்த நாளில் கருவியின் கண்ணாடியிலேயே தூசி இருந்ததால் விழுந்த கோடு. அது முதன்மை எதிர்ப்படிவத்திலும் இருக்கும், அதிலிருந்து எடுத்த எல்லாப் பிரதிகளிலும் இருக்கும். அதன் அடியில் இருந்த எழுத்து எந்த ஃபிலிமிலும் எப்போதும் இல்லை. அந்த இதழின் தாள் பிரதி வேறொரு நூலகத்திலோ ஒரு குடும்பத்தின் பெட்டியிலோ எஞ்சியிருக்குமானால், அந்தப் பக்கத்தை அங்கிருந்து புதிதாகப் படமெடுத்துச் சுருளின் படத்தோடு இணைத்து, எது எங்கிருந்து வந்தது என்று குறித்துவைக்க வேண்டியதுதான்.